பழைய ஏர் ரைஃபிளுக்குப் பழைய ஸ்கோப்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பழைய ஸ்கோப் (ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் செய்வது ஒரே காரியம்தான். ஜன்னலோரம் போய்த் தூரத்து மரத்தைப் பார்ப்போம். இலை இலையாகப் பிரிந்து தெரிந்தால், "அந்தக் காலத்துக் கண்ணாடின்னா சும்மாவா" என்று அங்கேயே முடிவு செய்துவிடுவோம். நானும் அப்படித்தான் ஒரு நாலு மடங்கு எஃகுக்குழாய் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்றில் மாட்டினேன். நாற்பது பெல்லட் சுட்டிருப்பேன். குறுக்குக்கம்பி பத்தே கால் காட்டும் கடிகார முள் போலச் சாய்ந்து நின்றது.

ஜன்னல் சோதனையில் இரண்டு விஷயங்கள் தெரியவே தெரியாது. பத்து, இருபது மீட்டரில் அந்த ஸ்கோப் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஒன்று. ரைஃபிளின் உதையை அது தாங்குமா என்பது இன்னொன்று. பழைய ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை நூறு மீட்டர் அளவிலான வேட்டைக்காகவும், பின்பக்கம் மட்டும் உதைக்கும் வெடிமருந்துத் துப்பாக்கிக்காகவும் செய்யப்பட்டவை. ஏர் ரைஃபிள் இரண்டிலும் நேர் எதிர். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன்

ஸ்கோப்பைக் கழற்றி வையுங்கள். ரைஃபிளில் ஏற்கெனவே இருக்கும் இரும்புப் பார்வையிலோ டயாப்டரிலோ (சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் பின்பார்வை) பத்து மீட்டரில் ஐந்தைந்து பெல்லட்டாக மூன்று குரூப் சுட்டுப் பாருங்கள். அதிலேயே பெல்லட்டுகள் சிதறினால் கோளாறு ரைஃபிளில்தான். ரைஃபிளின் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் ரைஃபிளில் இது அடிக்கடி நடக்கும், எப்போதும் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். பேரலை மடக்கும் வகையாக இருந்தால் கீல் ஆடுகிறதா, பிரீச் சீல் (பேரல் மூடும் இடத்தில் காற்று கசியாமல் தடுக்கும் வளையம்) காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெல்லட் வகையை மாற்றிப் பாருங்கள்.

பிடிக்கும் விதமும் முக்கியம். ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் துள்ளும். முன்னால் தாங்கும் கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து, ரைஃபிள் அதன் மேல் தன் போக்கில் ஆடட்டும் என்று விட வேண்டும். மணல் மூட்டையில் நேராகக் கட்டையை வைத்துச் சுட்டுவிட்டு ஸ்கோப்பைத் திட்டுபவர்கள் நிறைய.

இன்னொன்று, சுட்டதும் புகையும் எரிந்த எண்ணெய் வாசனையும் வருகிறதா? அழுத்த அறைக்குள் எண்ணெய் போய் டீசல் எஞ்சின் போல எரிகிறது என்று அர்த்தம். அந்த அடி சாதாரண உதையைவிடக் கடுமை. அது தீரும்வரை நல்ல ஸ்கோப் எதையும் மாட்டாதீர்கள்.

உங்கள் ரைஃபிள் எப்படி உதைக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தேர்வைப் பற்றிப் பேச முடியாது. சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் (வெய்ராக் எச்.டபிள்யூ.35, டயானா 27, பி.எஸ்.ஏ. மீட்டியார் எல்லாம் இந்த வகை) விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைஃபிள் பின்னால் நகர்கிறது. பாய்ந்த பிஸ்டன் முன்னால் சேர்ந்த காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது ரைஃபிள் சட்டென்று முன்னால் இழுபடுகிறது. இந்த இரண்டாவது இழுப்புதான் ஸ்கோப்பைக் கொல்லும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான பழைய ஸ்கோப்பில் லென்ஸுகளும் குறுக்குக்கம்பி வளையமும் ஒரு திசை உதைக்கு மட்டுமே முட்டுக் கொடுத்து வைக்கப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் அடி விழும்போது அவற்றைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இருக்காது.

டயானாவின் 60, 65, 66, 75 போன்றவை கிஸ் முறையில் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிரே ஓடவிட்டு உதையையே இல்லாமல் செய்பவை. வால்தர் எல்.ஜி.ஆர். ஒரே இழுப்பில் காற்றை அடைத்து வைக்கும் வகை, அதிலும் உதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இந்த இரண்டுக்கும் பழைய ஸ்கோப் எதையும் தைரியமாக மாட்டலாம்.

ஃபெயின்வெர்க்பாவ் 150, 300 வரிசையில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. சுடும்போது மேல்பகுதி முழுதும் தண்டவாளத்தில் போலச் சற்றுப் பின்னால் வழுக்கும். தோளுக்கு உதை தெரியாது. ஆனால் ஸ்கோப் உட்கார்ந்திருப்பது அந்த வழுக்கும் பகுதியின் மேல். தோள் தப்பித்ததை வைத்து ஸ்கோப்பும் தப்பித்தது என்று கணக்குப் போடக் கூடாது. கனத்தால் அதிர்வு கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான்.

இவை எல்லாம் போட்டிக்காகப் பிறந்த ரைஃபிள்கள்தான். ஆனால் ஒலிம்பிக் 10 மீட்டர் பிரிவில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, டயாப்டர் மட்டும்தான். எனவே நாம் பேசுவது ஃபீல்டு டார்கெட் (திறந்தவெளியில் வெவ்வேறு தூரத்து இலக்குகளைச் சுடும் போட்டி), மேசையில் வைத்துச் சுடுவது, சொந்த ஆசைக்குத் தாளில் ஓட்டை போடுவது ஆகியவற்றைத்தான்.

அறிகுறி: "தலையை அசைத்தால் குறுக்குக்கம்பி புள்ளியை விட்டு ஓடுகிறது"

இதுதான் தலையாய புகார். பலர் இதைப் புகாராகவே உணராமல், "குரூப் சேரவே மாட்டேங்குது" என்று மட்டும் சொல்வார்கள்.

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தப்பும் என்று சொல்லிக்கொடுத்த இடமாறு தோற்றப்பிழை நினைவிருக்கிறதா? அதேதான். இலக்கின் பிம்பம் விழும் தளமும் குறுக்குக்கம்பி இருக்கும் தளமும் ஒன்றாக இருந்தால் கண் எங்கே இருந்தாலும் கம்பி புள்ளியிலேயே நிற்கும். ஸ்கோப் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டதோ அந்த ஒரு தூரத்தில்தான் இரண்டும் ஒட்டும். பழைய வேட்டை ஸ்கோப்புகளில் அது பொதுவாக 100 கஜத்தை ஒட்டி இருக்கும். சிறு காலிபர் .22 ரைஃபிளுக்கான ஸ்கோப்புகளில் அதைவிடக் குறைவு.

பிழை எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் திடுக்கென்று இருக்கும். முன்லென்ஸின் பாதி விட்டத்தை எடுங்கள். ஸ்கோப் சரிசெய்யப்பட்ட தூரத்துக்கும் நீங்கள் சுடும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, சரிசெய்யப்பட்ட தூரத்தால் வகுங்கள். 32 மி.மீ. முன்லென்ஸ், 100 மீட்டருக்குச் சரிசெய்தது, நீங்கள் சுடுவது 10 மீட்டரில். 16 பெருக்கல் 90, வகுத்தல் 100. விடை 14.4 மி.மீ. கண் ஓரத்துக்கு ஓரம் போனால் வரும் அதிகபட்சப் பிழை இது, ஒரு பக்கத்துக்கு மட்டும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தாளில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தான் இடைவெளி. அதாவது ரைஃபிளும் நீங்களும் குறையே இல்லாமல் சுட்டாலும், கன்னம் வைக்கும் இடம் கொஞ்சம் மாறினால் இரண்டு வளையம் தள்ளிப் போகும்.

கண்டுபிடிப்பது எளிது. ரைஃபிளைச் சுடாமல் மணல் மூட்டைகளுக்கு நடுவே அசையாதபடி வைத்து (உள்ளே பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று பார்த்துவிட்டு), கம்பியைப் புள்ளியில் நிறுத்துங்கள். ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் அசையுங்கள். கம்பி நகர்ந்தால் பிழை இருக்கிறது.

இதற்கு மூன்று வழிகள். முன்பக்கத்தில் தூரம் எழுதிய வளையம் உள்ள ஸ்கோப்பைத் தேடுவது முதல் வழி. முன்லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு அது. வளையத்தில் எழுதியிருக்கும் மிகக் குறைந்த தூரம் என்ன என்று பார்த்து வாங்குங்கள். பழையவற்றில் 50 கஜத்தோடு நின்றுவிடுபவையும் உண்டு, அவை 10 மீட்டருக்கு அரைகுறைதான். எழுத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். தலையை அசைத்துப் பார்த்து, கம்பி நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, முன்லென்ஸின் வாயைச் சுருக்குவது. கறுப்பு அட்டையில் வட்டம் வெட்டி நடுவில் 12 மி.மீ. ஓட்டை போட்டு முன்பக்கம் பொருத்தினால், மேலே வந்த 14.4 மி.மீ. பிழை 5.4 ஆகக் குறைந்துவிடும். படம் இருட்டும், கூர்மை கொஞ்சம் போகும். வெளிச்சத்தில் தாளில் சுடுபவருக்கு அது பெரிய இழப்பு இல்லை. அட்டைத்துண்டு என்று பலர் அலட்சியமாகப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் நாலு மடங்கு, ஆறு மடங்கு ஸ்கோப்புகளுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

மூன்றாவது, லென்ஸை நிரந்தரமாக நகர்த்துவது. நிறைய பழைய ஸ்கோப்புகளில் முன்னால் ஒரு பூட்டு வளையமும், அதற்குப் பின்னால் மரையில் ஓடும் லென்ஸ் கூடும் இருக்கும். கூட்டை வெளிப்பக்கம் திருகினால் கிட்டத் தூரத்துக்குச் சரியாகும். எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முன்லென்ஸின் குவியத்தூரம் 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2 மி.மீ. வெளியே வர வேண்டும். 25 மீட்டர் போதும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் தலையை அசைத்துப் பாருங்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பாக இருந்தால் அது அன்றோடு போய்விடும், ஈரக்காலத்தில் உள்ளே பனிக்கும். ஐம்பது வயதான ஸ்கோப்பில் அந்த வாயு மிச்சம் இருக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அரிதான, பெட்டியோடு வந்த பொருளாக இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கண் பக்கம் திருகும் வளையம் கம்பியைக் கூர்மையாக்கத்தான், இந்தப் பிழையை அது தீர்க்காது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ (சூரியன் இருக்கும் பக்கம் கூடவே கூடாது) பார்த்து, கம்பி உடனே கறுப்பாகத் தெரியும்படி அதை ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

அறிகுறி: "மேல் திருகை முழுக்கத் திருகியும் பெல்லட் கீழேயே விழுகிறது"

குறியை மேலே, கீழே மாற்றும் திருகு அது. ஸ்கோப் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் இல்லை, வடிவக் கணக்குதான் உதைக்கிறது.

ஸ்கோப்பின் நடுக்கோடு பேரலுக்கு மேலே சுமார் 40 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பத்தே மீட்டருக்குள் பெல்லட் அந்த 40 மி.மீ. ஏற வேண்டும். நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் அந்தத் தூரத்துக்குள் 16 மி.மீ. விழவும் செய்கிறது. ஆக 56 மி.மீ. ஏற்றம். கோணக் கணக்கில் கிட்டத்தட்ட 19 நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்), திருகின் ஒவ்வொரு கிளிக்கும் கால் நிமிடம் என்றால் கிளிக்குகளில் எழுபத்தைந்துக்கு மேல். மொத்தம் 60 நிமிட ஓட்டம் உள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே இருப்பது 30 தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு இப்படியே போய்விட்டது. பேரலை மடக்கும் ரைஃபிளாக இருந்து, பேரல் கொஞ்சம் கீழ்நோக்கித் தொங்கினால் மிச்சமும் தீர்ந்தது. பழைய மடக்கு ரைஃபிள்களில் இந்தத் தொங்கல் சகஜம். இரும்புப் பார்வையில் யாருக்கும் அது தெரிவதில்லை, ஏனென்றால் முன்பார்வையும் பேரலோடு சேர்ந்து தொங்குகிறது.

திருகை மேலே ஓட்டி ஓட்டி ஜீரோ செய்துவிட்டாலும் (கம்பி காட்டும் இடத்திலேயே பெல்லட் விழும்படி வைத்துவிட்டாலும்) நிம்மதி இல்லை. திருகு வெளியே வர வர, உள்குழாயை எதிர்ப்பக்கமிருந்து தாங்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்துபோகிறது. பிறகு ஒவ்வொரு உதைக்கும் உள்குழாய் இஷ்டத்துக்கு ஆடும். இன்றைக்கு ஜீரோ, நாளைக்கு வேறு இடம்.

அதனால் திருகை நடுவில் வைத்துவிட்டு, மவுண்ட்டின் (ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்துவைக்கும் வளையத் தாங்கி) பின்பக்கத்தை மட்டும் உயர்த்துங்கள். பின்பக்க வளையத்துக்கு அடியில் மெல்லிய தகடு வைப்பது பழைய வழி. இரண்டு வளையங்களுக்கும் இடைவெளி 100 மி.மீ. என்றால், 0.1 மி.மீ. தகடு பத்து மீட்டரில் 10 மி.மீ. உயர்த்தும். அரை மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். ஸ்கோப் குழாய் இரண்டு வளையங்களுக்கு நடுவே வளைந்து, வேறு கோளாறுகள் தொடங்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் சாய்வாகச் செய்யப்பட்ட, அல்லது திருகி உயர்த்தும் மவுண்ட்டுக்குப் போய்விடுங்கள். உயரம் குறைந்த வளையம் கிடைத்தால் அதுவும் உதவும். 40 மி.மீ. 32 ஆனாலே பத்து மீட்டரில் பத்துப் பதினோரு கிளிக் மிச்சம்.

அறிகுறி: "கிளிக் திருப்பினால் ஒன்றும் நடப்பதில்லை, மூன்று பெல்லட்டுக்குப் பிறகு திடீரென்று தாவுகிறது"

உள்ளே கிரீஸ் பிசினாகிவிட்டது, அல்லது நான் மேலே சொன்ன ஸ்பிரிங் களைத்துவிட்டது. திருகு நகர்ந்தாலும் உள்குழாய் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. சுடும் அதிர்ச்சியில்தான் விடுபடுகிறது.

இரண்டு திருகுகளையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இருபது தடவை மெதுவாக ஓட்டுங்கள். கடைசியில் இறுகும் இடத்தில் பலம் காட்ட வேண்டாம். பல ஸ்கோப்புகள் இதிலேயே உயிர்பெற்றுவிடும். பிறகு மொத்த ஓட்டத்தை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள்.

பெட்டிச் சோதனைக்குப் பெல்லட்கூடத் தேவையில்லை. ஸ்கோப்பை இறுகப் பிடித்துவைத்து 25 மீட்டரில் கட்டம் போட்ட தாளை ஒட்டுங்கள். வலம் 40 கிளிக், மேலே 40, இடம் 40, கீழே 40. கால் நிமிடக் கிளிக் என்றால் ஒவ்வொரு பக்கமும் 73 மி.மீ. அளவில் வர வேண்டும், கம்பி தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு பக்கம் 65, இன்னொரு பக்கம் 75 என்று வந்தால்கூட நான் மன்னித்துவிடுவேன், ஒரே தூரத்தில் சுடுபவருக்கு அது பெரிய குறையில்லை. தொடங்கிய இடத்துக்குத் திரும்பாத ஸ்கோப்பை மன்னிக்க மாட்டேன்.

திருகில் கிளிக் சத்தமே வரவில்லையா? அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. பழைய வேட்டை ஸ்கோப்புகள் பலவற்றில் கிளிக் கிடையாது. உராய்வில் நிற்கும் வட்டு, அதில் கோடுகள், அவ்வளவே. அவற்றில் தேவைக்கு மேல் கொஞ்சம் திருப்பிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துங்கள், விரல் நகத்தால் மூடியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

அறிகுறி: "கம்பி வட்டத்தின் நடுவில் இல்லை, ஓரமாக நிற்கிறது"

1950களிலும் அதற்கு முன்பும் செய்யப்பட்ட பெரும்பாலான ஸ்கோப்புகளில் திருகைத் திருப்பினால் கம்பியே பார்வை வட்டத்துக்குள் நகரும். பிறகு வந்த அமைப்பில்தான் கம்பி எப்போதும் நடுவில் நிற்க, பிம்பம் நகர்கிறது. பழைய ஜெர்மானிய ஸ்கோப்புகள் சிலவற்றில் மேல்-கீழ் திருகு மட்டும் இருக்கும், இடம்-வலம் முழுக்க மவுண்ட்டின் வேலை. இப்படிப்பட்டதை வாங்கினால், பக்கவாட்டில் நகர்த்த முடிகிற மவுண்ட்டும் கூடவே வேண்டும். முதலில் மவுண்ட்டால் கம்பியை இலக்குக்குக் கொண்டுவந்து, கடைசிச் சின்னத் திருத்தத்தை மட்டும் திருகால் செய்யுங்கள். மவுண்ட் இல்லாமல் தனியாக விற்றால் விட்டுவிடுங்கள், பொருத்தம் தேடி அலைவதிலேயே ஆசை தீர்ந்துவிடும்.

அறிகுறி: "ஸ்கோப் தானாகப் பின்னால் ஊர்கிறது"

ரைஃபிள் முன்னால் இழுபடும்போது ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. விளைவு, ரைஃபிளோடு ஒப்பிட்டால் அது பின்னால் வருகிறது. எஃகுக்குழாய் என்றால் எடை அதிகம், ஊர்வதும் அதிகம். மவுண்ட்டுக்கு முன்னால் பென்சிலால் ஒரு கோடு, குழாயில் வளையத்தின் ஓரத்தில் ஒரு கோடு. இருபது பெல்லட் கழித்துப் பாருங்கள். ஊர்வது மவுண்ட்டா, வளையத்துக்குள் குழாயா என்று தெரிந்துவிடும்.

மவுண்ட் ஊர்ந்தால், ரைஃபிளின் மேல்பக்கத்தில் தடுப்பு ஊசிக்கான குழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பின்பக்க மவுண்ட்டின் ஊசியை அதில் இறக்குங்கள். குழி இல்லாத ரைஃபிளில் பின் மவுண்ட்டுக்குப் பின்னால் தனித் தடுப்புக் கட்டை வைக்கலாம். மவுண்ட் பூட்டிக்கொள்ளும் டவ்டெயில் பள்ளத்தை 11 மி.மீ. என்று எல்லோரும் சொன்னாலும் பழைய ரைஃபிள்களில் அகலமும் சாய்வுக்கோணமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். மவுண்ட்டின் தாடை ஓரத்தில் மட்டும் கடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

குழாய் வளையத்துக்குள் ஊர்ந்தால் முதலில் விட்டத்தை அளவுகோலியால் அளந்து பாருங்கள். ஏர் ரைஃபிளுக்கும் .22க்கும் வந்த பழைய ஸ்கோப்புகள் பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. அமெரிக்க வேட்டை ஸ்கோப்புகள் ஒரு அங்குலம், 25.4. பழைய ஜெர்மானிய, ஆஸ்திரியக் குழாய்களில் 26 உண்டு. 26ஐ ஒரு அங்குல வளையத்தில் நெரித்துப் பூட்டினால் பூட்டிக்கொள்ளும், குழாயில் தடம் விழும், உள்குழாய் சிக்கிக்கொள்ளும், அதன் பிறகு மேலே சொன்ன கிளிக் புகார் வரும். எஃகு என்பதால் நசுங்காது என்ற நம்பிக்கை வேண்டாம். 19 மி.மீ. ஸ்கோப்புகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அழகுக்காக மாட்டலாம், வெளிச்சமும் பார்வைப் பரப்பும் குறைவு, குறிசுடுதலுக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும்.

அறிகுறி: "ஒரு முடி போல ஏதோ தொங்குகிறது, குலுக்கினால் கலகலக்கிறது, கம்பி சாய்ந்துவிட்டது"

மூன்றும் ஒரே வியாதியின் மூன்று கட்டங்கள். அந்தக் காலத்துக் குறுக்குக்கம்பி நிஜமான கம்பி, சிலவற்றில் சிலந்தி நூல். வளையத்தில் ஒட்டியிருந்த முனை விடுபட்டால் முடி போலத் தொங்கும். வளையமே சுழன்றால் கம்பி சாயும். லென்ஸைப் பிடித்திருக்கும் மரை தளர்ந்தால் கலகலக்கும். என் நாலு மடங்கு ஸ்கோப் இரண்டாம் கட்டத்தில் நின்றது. திறந்து வளையத்தை நேராக்கி ஒரு துளி பசை வைத்தேன். இப்போது ஸ்பிரிங் இல்லாத, அடைத்துவைத்த காற்றில் சுடும் ரைஃபிள் ஒன்றில் சுகமாக இருக்கிறது. ஸ்பிரிங் ரைஃபிளுக்கு அதை மறுபடி அனுப்பவில்லை.

வாங்கும் முன் காதருகே வைத்து மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் அல்ல, குழாயின் நீளவாக்கில். அந்தத் திசையில்தான் அடி விழப்போகிறது. பிறகு கண்பக்க ரப்பரையோ விளிம்பையோ உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கம்பி அசைந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியில் பொறித்த கம்பி என்றால் அறுந்துபோகும் பயம் இல்லை, ஆனால் அதில் விழுந்த தூசு ஒவ்வொன்றும் பூதாகரமாகத் தெரியும். அதைச் சகித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: "படம் மங்கல்"

வெளிப்புறத் தூசா, உள்ளே இருக்கும் கோளாறா என்று பிரித்துப் பார்க்க, ஒரு முனையில் சிறு டார்ச்சை அடித்து மறுமுனை வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போலக் கிளைத்தால் பூஞ்சை. அது லென்ஸின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. ஓரத்திலிருந்து வானவில் நிறத்திலோ மஞ்சளாகச் செதில் செதிலாகவோ உள்ளே பரவினால், இரண்டு லென்ஸுகளை ஒட்டியிருக்கும் பால்சம் பசை பிரிகிறது. அதைச் சரிசெய்வது ஸ்கோப்பின் மதிப்பைத் தாண்டிய வேலை. எல்லாப் பக்கமும் சமமாகப் புகைபடிந்தது போல இருந்தால், ஆவியான கிரீஸ் படிந்திருக்கும், அது துடைத்தால் போகும்.

லென்ஸில் நீல, ஊதாப் பளபளப்பு சுத்தமாக இல்லையென்றால் அது பூச்சில்லாத காலத்துப் பொருளாக இருக்கலாம். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்து அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்ததே 1935இல்தான். பூச்சில்லாத கண்ணாடி வெயிலுக்கு எதிரே பால் கலந்தாற்போல் வெளுக்கும், நிழலில் நின்று சுட்டால் குறையொன்றும் தெரியாது. பழைய பூச்சுகள் மென்மையானவை. சட்டை நுனியால் துடைக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

அறிகுறி: "நீளமான போட்டி ஸ்கோப், கிளிக் கணக்கு ஒத்துவரவில்லை"

அன்எர்ட்ல், ஃபெக்கர், லைமன் சூப்பர் டார்கெட்ஸ்பாட் போன்றவற்றில் உள்ளே நகர்வது எதுவும் இல்லை. முழுக் குழாயையும் பின்பக்க மவுண்ட்டில் உள்ள மைக்ரோமீட்டர் திருகுகள்தான் நகர்த்துகின்றன. ஆகவே கிளிக்கின் மதிப்பு இரண்டு மவுண்ட்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. 7.2 அங்குலம் இருந்தால் ஒரு கிளிக் நூறு கஜத்தில் கால் அங்குலம். ஏர் ரைஃபிளின் குட்டையான பள்ளத்தில் 3.6 அங்குலத்துக்குத்தான் இடம் கிடைத்தது என்றால் அதே கிளிக் அரை அங்குலமாகிவிடும். கணக்கை மாற்றிக்கொண்டால் போதும், பழுது எதுவும் இல்லை.

இந்த ஸ்கோப்புகளின் குழாய் உதைக்கும்போது மவுண்ட்டுக்குள் வழுக்கும்படி விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் அதைப் பழைய இடத்துக்குத் திரும்ப இழுத்து வைக்க வேண்டும். வழுக்காமல் இருக்க வளையத்தை இறுக்கிவிடும் ஆசை வரும், அது வேண்டாம். முன்லென்ஸைத் தூரத்துக்கேற்ப நகர்த்த முடிவதாலும் உள்ளே நகரும் பாகம் எதுவும் இல்லாததாலும், உதையற்ற டயானாவிலோ வால்தரிலோ மாட்ட எனக்குப் பிடித்த பழைய வகை இதுதான். கண்ணை மிகக் கிட்டே வைக்கச் சொல்லும் ஸ்கோப் என்பதால் சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் மட்டும் வேண்டாம், புருவத்தில் ரத்தம் பார்க்க நேரும்.

அறிகுறி: "மடங்கு கூடக்கூடச் சுடுவது மோசமாகிறது"

முன்லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுங்கள். 32 மி.மீ. ஸ்கோப் பத்து மடங்கில் கண்ணுக்குத் தரும் ஒளிவட்டம் 3.2 மி.மீ. கண் கொஞ்சம் விலகினாலும் படம் கறுக்கும், நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பீர்கள். நாலு மடங்கில் அது 8 மி.மீ., தாராளம். ஆனால் அந்தத் தாராளத்தில் கண் எங்கே வேண்டுமானாலும் உலவலாம் என்பதால் முதலில் சொன்ன தோற்றப்பிழை முழுசாக வெளிப்படும். அதனால் 100 மீட்டருக்குச் சரிசெய்த நாலு மடங்கு ஸ்கோப்போடு 10 மீட்டரில் சுடுகிறீர்கள் என்றால் அட்டை வட்டத்தை வெட்டிக்கொள்ளுங்கள். முன்வளையத்தால் தூரத்தைச் சரிசெய்ய முடிகிற பழைய பத்து மடங்கு ஸ்கோப் கிடைத்தால், கட்டையின் கன்னப் பகுதியை உயர்த்திக்கொண்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.